பதினோராவது கையெழுத்து

“வித்துட்டியே அக்கா! எங்க எல்லாரையும் சேர்த்து வித்துட்டியே!”

வைட்டலிஸ் மேசையில் ஓங்கி அடித்த அடியில் டொமினோ கட்டைகள் எகிறி மணலில் விழுந்தன.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து பங்காளிக் கூட்டம் மொத்தமும் கடற்கரையில் இருந்த இக்னேஷியாவின் மதுக்கடைக்கு வந்திருந்தது. மறுநாள் காலை புல்டோசர் வருகிறது. நீல பெயின்ட் அடித்த இந்தப் பலகைக் கடை இருக்கும் இடத்தில் ஓட்டல்காரன் நீச்சல் குளம் கட்டப் போகிறானாம். பத்தடியில் கடல் இருக்கும்போது குளம் எதற்கு என்று கேட்க ஆளில்லை.

இக்னேஷியா கரியடுப்பில் மீனைத் திருப்பிப் போட்டாள்.

“கையெழுத்துப் போட்டியா இல்லையா? அதைச் சொல்லு.”

“போட்டேன்.”

கடை மொத்தமும் ‘ச்சே’ என்றது.

அது கொள்ளுத்தாத்தா செஃபிரின் விட்டுப்போன குடும்ப நிலம். செயின்ட் லூசியா தீவில் இப்படி எத்தனையோ நிலம் உண்டு. யாரும் பிரித்துக்கொள்ள முடியாது. விற்பதென்றால் பங்காளிகள் பதினோரு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றாலும் ஒரு பிடி மண் அசையாது.

“நாங்க இருக்கும்போது எப்படி வித்தே? வக்கீலைப் பிடிச்சு முழுசையும் உன் பேருக்கு மாத்திக்கிட்டியா?” யூடோக்சி மூக்கைச் சிந்தினாள்.

“இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்தியே!” என்றான் கத்பர்ட்.

“என் மகளோட ஞானஸ்நான விருந்து இந்த மணல்லதானே நடந்தது?” என்றான் வைட்டலிஸ். “எங்கப்பன் செத்தப்ப இங்கதானே அக்கா உக்காந்து அழுதோம்? இனிமே எங்க போவோம்? ஓட்டல் வாட்ச்மேனுக்கு சலாம் போட்டுட்டா கடலைப் பார்க்கறது?”

அது நடிப்பில்லை. அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

“எஞ்சின் நல்லா ஓடுதா தம்பி?” என்றாள் இக்னேஷியா.

வைட்டலிஸுக்குச் சுருக்கென்றது.

அவன் படகில் புது எஞ்சின் உட்கார்ந்திருந்தது. பக்கத்துத் தீவான மார்ட்டினிக்கில் இருக்கும் மச்சான் அனுப்பியது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். மச்சான் ஒரு தூண்டில் முள்கூட அனுப்பியதில்லை. ஈஸ்டருக்கு முன்னால் ஓட்டல்காரனின் ஆள் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போனது அது. ஒரே ஒரு தாள்தான் நீட்டினான். அதில் வைட்டலிஸ் பெயர் மட்டும்தான் இருந்தது.

‘அக்கா எப்படியும் போடமாட்டா. நிலமும் எங்கேயும் போகாது, எஞ்சினும் நமக்கு மிஞ்சும்.’ இப்படி நினைத்துத்தான் போட்டான். கடைசியில் அந்த அக்காவே காலை வாரிவிட்டாளே! தான் போட்டது வேறு, அவள் போட்டது வேறு. அவன் கோபம் அவனுக்கு நியாயமாகவே பட்டது.

இக்னேஷியா கையைத் துடைத்துக்கொண்டு, பாட்டில் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

“வக்கீல் கொடுத்த நகல். நான் யார் பேருக்கும் எதையும் மாத்தல. யார் யார் கையெழுத்து இருக்குன்னு யாராவது சத்தமா வாசிங்க.”

அவ்வளவுதான், மானம் போச்சு என்று வைட்டலிஸ் நினைத்தான். யாராவது கையை நீட்டுவார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

யாரும் நீட்டவில்லை.

“கண்ணாடியை வீட்ல வச்சுட்டு வந்துட்டேன்,” என்றான் கத்பர்ட். கண்ணாடி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.

“காலைல கோயில்ல வாசிச்சே எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு,” என்றாள் யூடோக்சி. இவ்வளவு நேரம் அவளும்தான் கத்திக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற கடல்.

வைட்டலிஸ் அப்போதுதான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யூடோக்சி வீட்டுப் புது ஃப்ரீசர், ஜெபத்துக்குக் கிடைத்த பலன் என்றாளே? போன வருஷப் புயலில் கூரை பறந்து, பிள்ளைகளோடு தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த கத்பர்ட்டுக்குத் திடீரென்று புதுத் தகரம் வந்ததே? லண்டன் தங்கச்சி அனுப்பினாள் என்றானே?

‘அடப்பாவிகளா!’ என்று வாய் வரை வந்தது. யாரைப் பார்த்துச் சொல்வது? அவனும் அதில் ஒருத்தன்தானே.

இக்னேஷியா அந்தக் காகிதங்களை எடுத்துக் கரியடுப்பில் போட்டாள். காகிதம் சுருண்டு எரிந்தது. பத்துப் பேர் மூச்சு விட்டது கேட்டது.

எல்லாருக்கும் ரம் ஊற்றினாள். முதல் சொட்டைச் செத்தவர்களுக்காக மண்ணில் விடுவது வழக்கம். செஃபிரின் தாத்தாவுக்கு ஊற்ற அன்று எவன் கையும் வரவில்லை. இக்னேஷியா மட்டும் ஊற்றினாள்.

கூட்டம் ஒவ்வொருவராக நழுவியது. வைட்டலிஸ் மட்டும் நின்றான்.

“நாங்க புத்தி கெட்டுப் போட்டுட்டோம் அக்கா. நீ ஒருத்தி போடாம இருந்திருந்தா கடை தப்பிச்சிருக்குமே?”

“தப்பிச்சிருக்கும்.”

“அப்புறம் ஏன் போட்டே?”

அவள் மீனைத் தட்டில் வைத்து, பக்கத்தில் சுட்ட ஈரப்பலாக்காய் ஒரு துண்டு வைத்து அவன் பக்கம் தள்ளினாள்.

“ஒரு கையெழுத்து குறைஞ்சாலும், கொடுத்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்குவோம்னு ஓட்டல்காரன் தாளோட கடைசியில பொடி எழுத்துல போட்டிருந்தான். நீங்க யாரும் அதையும் வாசிக்கல.”

மேட்டில் கத்பர்ட் வீட்டுத் தகரம் வெயிலில் பளபளத்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த மாசம் புயல் ஆரம்பிச்சுடும். அந்தப் பிள்ளைங்க தலைக்கு மேல இருக்கிற கூரையைப் பிரிச்சுக் கொடுன்னு நான் எப்படிடா சொல்லுவேன்?”