வடம் பிடித்த படம்

"படத்தைச் சின்னதாக்குனா மூஞ்சி தெரியாமப் போயிருமுங்களா, சாமி?"

சௌந்திரம் மறுபடியும் கேட்டாள். திருச்செங்கோட்டில் ஸ்டூடியோ நடத்தும் தீனதயாளன், கணினித் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், கூட்டத்தில் நிற்பவர் முகம் தெளிவாகத் தெரியாதுதான் என்றார். தேர்த் திருவிழாவில் அவர் எடுத்த படங்கள் அன்று மாலைக்குள் இணையப் படத்தொகுப்பில் ஏறியாக வேண்டும். கேமராவில் இருந்த அளவை அந்தத் தொகுப்பு ஏற்காது. ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

சௌந்திரத்தின் மகள் தமிழினி, தான் விரும்பியவனோடு வீட்டை நீங்கியவள். அதன்பின் செய்தியில்லை. தேர்க் கூட்டத்தில் அவளைக் கண்டதாக உறவினர் ஒருவர் சொன்ன நாள்முதல் வீட்டில் எவர்க்கும் உறக்கமில்லை. சுருக்குமுன் படங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று மூத்த மகன் செங்கோடன்தான் தாயை அழைத்து வந்திருந்தான். பெற்றவளுக்கு முதுகைக் கண்டாலே போதும் என்றான். காரின் எஞ்சினை அணைக்காமல் வாசலில் விட்டு, கைபேசியும் கையுமாக உள்ளும் புறமும் நடந்தான்.

சௌந்திரத்தின் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்குவதும் அவிழ்ப்பதுமாக இருந்தன. படத்துக்குப் படம், முகத்துக்கு முகம் பெரிதாக்கிக் காட்டச் சொன்னாள்.

அம்மையப்பன் எழுந்தருளிய தேர் நிலைபெயர்ந்த கணம் திரையில் வந்தது. கடலெனத் திரண்ட கூட்டத்தின் ஓரத்தில், இடுப்பிலிருந்த குழந்தையின் பிஞ்சுக் கையை வடத்தின்மேல் வைத்துக்கொண்டிருந்தாள் ஓர் இளம்பெண். சௌந்திரம் மூச்சடக்கினாள்.

"இவங்களுங்களாம்மா?"

நெடுநேரம் பார்த்தாள்.

"இல்லீங்க. எம்பொண்ணு இன்னும் ஒசரம். அடுத்தது போடுங்க."

எஞ்சிய படங்களும் ஓடி முடிந்தன. செங்கோடன் உள்ளே வந்து தாயின் முகத்தைப் பார்த்தான். அவள் இல்லையென்று தலையசைத்தாள். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஏனுங்கண்ணா, பெரிய படமெல்லாம் பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க. நா ஊட்டுல ஒக்காந்து பாத்துக்கறேன்."

தங்கையைத் தேடி இப்படித் தவிக்கும் அண்ணனை எண்ணித் தீனதயாளனின் நெஞ்சு இளகியது. பென்டிரைவை எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தார்.

சௌந்திரம் சட்டென எழுந்தாள். "நாந்தான் ஒண்ணுவிடாமப் பாத்துட்டனே, கண்ணு. பெத்தவளுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியப்போவுது? அவ எங்கியோ கண்காணாத சீமையில கெடக்கறா. வா, போலாம்."

அவன் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். செங்கோடன் வாசற்படியை உதைத்துவிட்டுக் காரில் ஏறினான்.

தீனதயாளன் பெருமூச்சுடன் சுருக்கும் வேலையைத் தொடர்ந்தார். வடம் பிடித்த படமும் சிறுத்தது. ஓரத்திலிருந்த பெண்ணின் முகம் புள்ளிகளாய்க் கரைந்தது. நிமிர்ந்தால், எதிரே சௌந்திரம். பையை மறந்துவிட்டதாக மகனிடம் சொல்லித் திரும்பியிருந்தாள். நாற்காலியில் கிடந்த பையை எடுக்கும் சாக்கில் அவர் பக்கம் குனிந்தாள்.

"கொழந்தையோட இருக்கற அந்தப் பெரிய படத்த அழிச்சுப்போடுங்க, சாமி. மொதப் புள்ள கையை வடத்துல வெக்கறது எங்கூட்டு வழக்கமுங்க. அதுக்குத்தான் துணிஞ்சு வந்திருக்கறா. அண்ணங்காரன் கண்ணுல பட்டா, ரெண்டு உசுரையும் விட்டுவெக்க மாட்டான்."