மௌனிக்கு ஒரு வக்கீல்

ஒரு மாசத்துக்கு மௌனி சோதனைக்கூடத்துக்குள் காலே வைக்கக் கூடாது என்று கூடத்தின் தலைவி மேடம் சொல்லிவிட்டார். அதுவும் எல்லார் முன்னாலும்.

சமையல் எரிவாயு கசிந்தால் மோப்பம் பிடிக்கும் சென்சார் மௌனியுடையது. வெறும் டின் ஆக்சைடாக இருந்தவரை அது மந்தம்தான். அதன்மேல் பல்லேடியம் என்ற உலோகத்தைக் கட்டிதட்டாமல், கண்ணுக்கே தெரியாத பொடியாகப் பரவவிட்டு, துளி வாயுவுக்கும் துள்ளி எழ வைத்தவள் அவள். இப்போது அந்த சென்சார்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. பழி அவள் தலையில்.

கேட்டதும் வக்கீலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் அதே கூடத்தில் ஆராய்ச்சி செய்பவள், அடுத்த மேசைக்காரி. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அந்தப் பட்டப்பெயர். மௌனி வாயே திறக்கமாட்டாள் என்பதால் அவளுக்கும் சேர்த்து இவளே பேசிப் பழகியிருந்தாள்.

நேரே மேடம் அறைக்குப் போனாள். உழைத்தவளையே வெளியே தள்ளுவது எந்த ஊர் நியாயம் என்று ஆரம்பித்துப் பொரிந்து தள்ளினாள். மேடம் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிச்சுட்டியா? முடிக்குப் போடற சீரத்துல சிலிக்கோன் இருக்கு. அந்த ஆவி பட்டா பல்லேடியம் மேல படலம் கட்டிடும், அப்புறம் சென்சார் வெறும் ஜடம். சீரம் போட்டுக்கிட்டு உள்ளே வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? போட்டது நான்தான்னு அவளே ஒத்துக்கிட்டா."

மௌனியா? அவள் தலை வாருவதே அபூர்வமாயிற்றே.

வக்கீலின் கை தானாகத் தன் பளபளக்கும் கூந்தலுக்குப் போனது. தினமும் காலையில் மௌனியின் சோதனைப் பெட்டிமேல் குனிந்து, "எப்படியிருக்கு உன் பிள்ளை?" என்று விசாரிப்பது அவள்தான். எங்கள் தலைமுடியிலுமா அதிகாரம் என்று அந்த விதியையே எதிர்த்து மேடத்திடம் வாதாடியதும் அவள்தான்.

பேச்சைப் பாதியில் விட்டு வெளியே வந்தாள். மௌனி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"லூசாடி நீ? நான் செஞ்சதுக்கு நீ ஏன் பழியை ஏத்துக்கிட்டே? இப்பவே போய் உண்மையைச் சொல்லிடறேன்."

மௌனி ஒரு சுளையை அவள் கையில் வைத்தாள்.

"எனக்கு ஒரு மாசத்தோட போச்சு. நீ ஏற்கெனவே ரெண்டு தடவை மேடம்கூட மல்லுக்கு நின்னவ. உன் பேர் வந்தா ஒரேயடியா அனுப்பிடுவாங்க. அப்புறம் எனக்காகச் சண்டை போட யாருடி இருக்கா?"