வாலில் வந்த 'ஆமா'

வாருங்கள், வந்து இந்த அநீதியைப் பாருங்கள்! கொடுத்த வாக்கை மீறினாள் என்று ஒரு தொழிலாளியின் வேலையைப் பறித்திருக்கிறார்கள். அவள் சம்மதம் சொன்னதற்கு எழுத்துச் சாட்சி இருக்கிறது. சொன்னதை அவளும் மறுக்கவில்லை. ஆயினும் அநீதி என்கிறேன்!

மேற்குக் கார்க் வட்டாரக் கடற்கரை, பான்ட்ரி நகரத்து விடுதி ஒன்றின் கூட்ட அறை. ஜசிந்தா ஹாரிங்டன் மேலங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். மீன் பதனிடும் ஆலையில் பதினோரு ஆண்டுகள் கத்தி பிடித்த கை அது. வாக்குத் தவறியவள் என்ற பெயரோடு வெளியேறினால், அந்த விரிகுடாக் கரையில் வேறெந்த ஆலையும் அவளைச் சேர்க்காது.

விசாரணை அதிகாரி ஃபின்பார் ஹூரிஹேன் வந்து அமர்ந்தார். கோப்பைத் திறக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பொண்ணுங்க ஃபுட்பால் ஃபைனல் என்னாச்சு?"

"ஒரே ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சோம் ஐயா. என் மகதான் கோல்கீப்பர்," என்றாள் ஜசிந்தா. அந்த ஊர்ப் பந்தாட்டத்தில் கோலோடு பாயிண்ட் கணக்கும் உண்டு.

"நாம ஆட்டக் கதை பேச வரலை!" என்று குறுக்கிட்டார் மேலாளர் ரூபர்ட் விட்கம். லண்டனிலிருந்து ஆலைக்கு வந்து ஆறே வாரம் ஆனவர். அவருடைய கால் மேசைக்கடியில் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"அந்த ஞாயித்துக்கிழமைதான் ஸ்பெயினுக்கு மீன் போகணும். வேலைக்கு வருவீங்களான்னு வெள்ளிக்கிழமையே இவங்களைக் கேட்டேன். சொன்ன பதிலை அப்பவே எழுதி வச்சேன். கேளுங்க: 'வந்துடறேன், ஆமா.' ஆனா வரலை. லாரி பாதி காலியாப் போச்சு!"

அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். "இப்படிச் சொன்னீங்களா, ஜசிந்தா?"

"சொன்னேன் ஐயா. இதே வார்த்தைதான்."

கடற்காற்றில் சன்னல் தடதடத்தது. ஆலையில் ஜசிந்தாவுக்கு அடுத்த மேசையில் மீன் அறுக்கும் பிரீடா ஓ'ஷே பொறுக்க மாட்டாமல் எழுந்தாள்.

"ஐயா, எங்க பக்கம் 'ஆமா' முன்னால வந்தாத்தான் சம்மதம். வாலுல வந்தா, 'போய்யா, அது மட்டும் நடக்காது'ன்னு அர்த்தம். பெத்த பொண்ணு ஃபைனல் ஆடற அன்னிக்கு எவளாவது மீன் அறுக்க வருவாளா?"

விட்கம் ஏளனமாகச் சிரித்தார். "அப்படிப் போடுங்க! போன வாரம் நான் வாங்கி வந்த கேக்கைத் தின்னுட்டு, 'கொலைகாரக் கேக்'னு சொன்னதும் இந்தம்மாதான். கெட்டுப்போச்சோன்னு பயந்து மிச்சத்தைக் குப்பையில கொட்டினேன்."

"அட மண்டு! பிரமாதமா இருக்குன்னுல்ல சொன்னேன்! அதையா கொட்டினே?"

அறை குலுங்கிச் சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. பேனாவால் மேசையைத் தட்டினார்.

"உக்காருங்க, பிரீடா. என் முன்னால இருக்கறது எழுத்து. அதுல 'வந்துடறேன்'னு இருக்கு. 'ஆமா'ன்னும் இருக்கு."

ஜசிந்தாவின் பொத்தான் அறுந்து கையோடு வந்தது.

உழைப்பவளின் நாவில் பிறந்த சொல்லுக்கு முதலாளியின் பேனாவா பொருள் எழுதுவது? காது கொடுத்துக் கேளாதவன் குறித்து வைத்தது சாட்சியாகுமென்றால், ஏழைக்கு வாய் எதற்கு?

விட்கம் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். "அப்போ, வேலைநீக்கம் சரிதான்னு இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடுவீங்கல்ல?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, அவரை நேராகப் பார்த்துப் பதில் சொன்னார். அந்தப் பதிலையும் ஓரெழுத்து விடாமல் குறித்துக்கொண்டு, வெற்றிக் களிப்போடு கைகுலுக்கிவிட்டு வெளியேறினார் விட்கம்.

வாசகர்களே, அவரைப்போல நீங்களும் அதை வெறும் எழுத்தாகப் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். எழுந்து நில்லுங்கள்; ஊர் கேட்க, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

"போட்டுடறேன், ஆமா."