குட்டித் தோணியில் ராக்கம்மா

விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீல் நாலு மணிக்குப் படகுத்துறைக்கு வருகிறார். அதற்குள் அவருடைய பாய்மரப் படகு அங்கே நிற்காவிட்டால் முனியராஜின் வேலை கலாஸ். நேற்று ஊரிலிருந்து வந்த மனைவிக்குத் துபாய்க் கடலைக் காட்ட, கேட்காமல் எடுத்து வந்துவிட்டான்.

அவளோ சண்டை போட்டுவிட்டு, படகில் கயிற்றால் கட்டியிருந்த குட்டித் தோணியில் இறங்கிவிட்டாள்.

"ராக்கு, மேல ஏறி வா புள்ள!"

"மாட்டேன். பேசாம சுக்கானைப் பிடிங்க."

"வெயிலு மண்டையப் பிளக்குதுடி!"

"கடலே என் கைக்குள்ளன்னு போன்ல அளந்தீகளே! கரை வர்ற வரைக்கும் இதை விட்டு அசைய மாட்டேன்."

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் படகு துறையைத் தொட்டது. கஃபீல் முன்பே வந்து நின்றார். துவண்டு தொங்கிய பாயைப் பார்த்தார்.

"மதியத்திலிருந்து ஹவா மாஃபி, துளிக் காற்று இல்லை. இஞ்சின் ஒர்க்‌ஷாப்பில். எப்படி வந்தாய்?"

முனியராஜ் படகுக்கு முன்னால் கை காட்டினான். கயிற்றின் மறுமுனையில், துடுப்புகளைத் தோணிக்குள் போட்டுவிட்டு முந்தானையால் முகம் துடைத்தாள் ராக்கம்மா. பாம்பன் கடலில் தினமும் பாசி எடுக்கப் போன கைகள். திமிங்கலத்தையே இழுத்து வந்துவிடும்.

கஃபீல் போனை எடுத்து ஒர்க்‌ஷாப்புக்கு அடித்தார்.

"அந்த இஞ்சினை ரிப்பேர் பண்ண வேண்டாம். நான் இந்தம்மாவுக்கு வேலை விசா எடுக்கிறேன்!"