ரத்தம் கொடுக்க வந்த அக்கா

போடிக்கு மேலே ஏலத்தோட்டங்களில் காய்ச்சல் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதென்றாலே எனக்குத் தலைவலிதான். வரச் சொன்ன ஆளுக்குச் சோலி இருந்தால் வீட்டிலிருந்து வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள். அதனால் பெயரைக் கேட்காமல் நான் ஊசியைத் தொடுவதில்லை. காலையில் வந்தவள் மாயக்காள் என்றாள். ரத்தம் எடுத்து, அவள் எதிரிலேயே கண்ணாடிக் குழாயில் பெயர் ஒட்டி, "பஞ்ச அழுத்திப் புடி, நான் சொல்ற வரைக்கும் எடுக்காத" என்றேன்.

மத்தியானம் இன்னொருத்தி வந்தாள். "நாந்தாண்ணே மாயக்காள். காய் எடுக்கப் போயிட்டேன், அதான் அக்காவ அனுப்புனேன்."

"ஒனக்குக் காய்ச்சல்னா ஒன் ரத்தந்தான ஆத்தா வேணும்? ஒங்க அக்காவுக்கு வேற சோலி இல்லையா?"

"அதுக்கென்ன சோலி? செத்ததுல இருந்து சும்மாதான இருக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தேன். காலையில் வந்தவள் பெஞ்சில் முழங்கையை மடக்கி, பஞ்சை அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தாள். எடுக்கலாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.