திமாருவில் மழை

வேலை முடிந்து ஹேமிஷ் கதவைத் திறந்ததுமே, மனைவி நைரி கையிலிருந்த போனின் திரையைச் சட்டென்று தட்டினாள்.

"யாரு கூட இவ்ளோ ரகசியம், மேடம்?"

"யாருமில்லப்பா. நாளைக்கு மழை வருமான்னு பாத்தேன்."

"எங்க, காட்டு!" பிடுங்கிப் பார்த்தான். மழைதான். "அடி லூசு, நாம இருக்கறது வெலிங்டன்ல. திமாரு மழைய எதுக்குப் பாக்கற?"

சொல்லும்போதே அவன் சிரிப்பு நின்றுவிட்டது. எந்த இணையதளத்திலும் அப்படியே பொருத்திக்கொள்ளும்படி ஒரு பட்டனை அலுவலகத்தில் அவன்தான் செய்திருந்தான். வீட்டில் அடிபடும் பெண்கள் உதவி தேடிப் படிக்கும்போது புருஷன் வந்துவிட்டால், அதைத் தட்டினால் போதும். படித்தது மறைந்து வானிலை வந்துவிடும். சோதனைக்காகப் போட்ட ஊர் திமாரு. அதை மாற்ற மறந்திருந்தான்.

போனைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினான்.

நைரி இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள்.