எகலியகொடைக் கல்லு

"தண்ணி வேணுமெண்டால் கல்லைத் தா. இல்லாட்டி உப்புத் தண்ணியைக் குடிச்சுச் சா!"

கிணற்றடிப் படலையை இழுத்துக் கட்டியபடி கத்தினான் அப்புத்துரை. வெளியே வெறுங்குடத்தோடு நின்றவள் வேறு யாருமல்ல, அவனுடைய சொந்தத் தங்கை அம்பிகை.

மடத்துவெளியில் அந்தப் பக்கத்துக்கே வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான். அதுவும் அம்பிகையின் சீதனக் கிணறு! அவள் புருஷன் பரராசசிங்கத்தோடு தெற்கே, சிங்கள ஊரான எகலியகொடையில் கடை நடத்திய காலத்தில், அண்ணன்காரன் சத்தமில்லாமல் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்து, அகதிக் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு ஊரில் தண்ணீரும் இல்லை. இவனெல்லாம் ஒரு அண்ணன்!

"பிள்ளைக்கு வயித்தாலை போகுது அண்ணை. ஒரு குடம் அள்ள விடுங்கோ."

"கல்லு!"

அப்புத்துரை விசகடிப் பரியாரி. பாம்பு கடித்தவர்கள் அவனிடம்தான் ஓடிவருவார்கள். கடிவாயில் வைத்தால் விசத்தை உறிஞ்சி எடுக்குமே விசக்கல், அப்படியொன்று கையில் இருந்தால் தீவுப் பகுதியில் தன்னை அசைக்க ஆளில்லை என்பது அவன் நெடுநாள் ஆசை. தங்கை வீட்டில் பச்சை விசக்கல் ஒன்று கிடக்கிற கதை அவன் காதுக்கு வந்துவிட்டது.

"உலகத்திலையே முதன்முதல் எகலியகொடை மண்ணிலதான் எடுத்த சாதிக் கல்லாமே? மாணிக்கக் குழியில மண் அரிக்கிற ஒருத்தன் மச்சானுக்குக் குடுத்ததாம்?"

"ஓம்."

"உடைஞ்ச போத்தில் துண்டைக் காட்டி என்னைப் பேய்க்காட்டாதை. விசக்கல்லுத்தானோ? நயினாதீவு அம்மாளாணைச் சொல்லு!"

"அம்மாளாணை, விசக்கல்லுத்தான்."

அம்பிகை வளவின் பின்பக்கம் போனாள். வீட்டிலிருந்து எட்டத் தள்ளி, பனையடியில் புதைத்திருந்த தகரப் பேணியைத் தோண்டி எடுத்தாள். உள்ளே இருந்த கல்லை அகப்பையால் அள்ளிச் சிரட்டையில் வைத்து, விரல் படாமல் கொண்டுவந்து நீட்டினாள்.

அப்புத்துரை முகத்தைச் சுளித்தான். "என்ன, மாதத் துடக்கோ?"

அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"பின்னைத் தொடாதை. கல்லின்ர சக்தி போயிடும்." கல்லைப் பறித்து வேட்டி மடியில் முடிந்துகொண்டான். "ஒரு மண்டலம் என்ர உடம்போட கிடந்தால்தான் இது என்ர சொல்லுக் கேக்கும். இரவு பகல் அவிழ்க்கமாட்டன்."

"அவிழ்க்காதேங்கோ அண்ணை," என்றாள் அம்பிகை.

படலை திறந்தது.

பொழுதுபட ஊர்காவற்றுறையால் வந்த பரராசசிங்கம், நல்ல தண்ணீர்க் குடத்தைக் கண்டு முழிசினான். நடந்ததைக் கேட்டதும் தலையில் கையை வைத்தான்.

"அட விசரி! இரத்தினபுரியால வந்த, கல்லுச் சோதிக்கிற சிங்கள மாத்தையா மெசின் வைச்சுக் காட்டினவரெல்லே? அதுக்குள்ள இருந்து கதிர்வீச்சு வருது, உடம்போட வைச்சிருந்தால் ஆளை உள்ளுக்கை அரிச்சுப்போடும் எண்டு? அருமையான கல்லெண்டு எறிய மனமில்லாமல்தானே எட்டப் புதைச்சு வைச்சனான்!"

அம்பிகை பிள்ளையை மடியில் சாய்த்து, கோப்பையை அதன் வாயில் வைத்தாள். பிள்ளை மடக் மடக்கென்று குடித்தது.

"அது விசத்தை எடுக்கிற கல்லில்லையடி! தன்னில விசம் கிடக்கிறபடியால்தானே நாங்கள் விசக்கல்லெண்டு சொல்லுறது! ஓடிப்போய்க் கொண்ணையிட்ட உண்மையைச் சொல்லு!"

அம்பிகை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதைத்தான் அம்மாளாணைச் சத்தியம் பண்ணிச் சொன்னனான்."